தாயைச் சுமந்த மலைப்பாதை

யப்பான் தேசத்துக்குப் போய் வந்தவன் என்று அறிந்ததும், எங்கள் ஊர் வாசிகசாலையில் என்னைச் சூழ்ந்துகொண்ட நண்பர்கள் கேட்ட முதற் கேள்வி, "பூஜி மலையைக் கண்டீரோ?" என்பதே. கண்டேன். விமானத்தின் சாளரத்தூடாக அரை நிமிட நேரம் கண்டேன். அப்பால் முகில் மூடிவிட்டது. ஆனால் நான் காலால் ஏறி, கண்ணால் நோக்கி, இன்றும் நெஞ்சிற் சுமந்து திரிவது வேறொரு மலையை. அதன் பெயர் ஒபசுத்தே. தாய்க்கு ஒப்பான முதியவளைக் கைவிடுதல் என்பது அப்பெயருக்கு மக்கள் கூறும் பொருள்.

இத்தகைய பெயருடைய மலையைத் தேடிச் செல்வானேன் என வாசகர்கள் வினவக்கூடும். உல்லாசப் பிரயாணத்தின் பொருட்டு நான் யப்பானுக்குச் செல்லவில்லை. என் தங்கையின் மகள் ஆங்கு நகானோ மாகாணத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்திற் பராமரிப்புப் பணியாளராகக் கடமையாற்றுகிறாள். தகைமை பெற்ற தொழிலாளரை யப்பானுக்கு அனுப்புதல் தொடர்பாக இலங்கையும் யப்பானும் 2019ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் வழியே யப்பானிய மொழி பயின்று, பரீட்சைகளிற் சித்தியெய்தி, 2023ஆம் ஆண்டில் அவள் புறப்பட்டுச் சென்றாள். ஐந்தாண்டு வரை ஆங்குப் பணிபுரியலாம். குடும்பத்தவரை உடன் அழைத்து வைத்துக்கொள்ள அந்த அனுமதி இடந்தராது. மகளைப் பாராத ஏக்கத்தில் இருந்த தங்கை, "எனக்கு அம்மாவை விட்டுட்டு ஓரிடமும் போக ஏலாது. நீங்கள் ஒருக்காற் போய்ப் பார்த்துக்கொண்டு வாருங்கோ, அண்ணை" என்று கேட்டுக்கொண்டாள். இளைப்பாறிய ஆசிரியனாகிய நான், 2025ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திற் புறப்பட்டேன்.

வெள்ளிக் கிண்ணமும் வெள்ளி முலாமும்

தோக்கியோவிலிருந்து நகானோ நகருக்கு அதிவேகப் புகையிரதம் ஒன்றரை மணி நேரத்திற் கொண்டுசேர்க்கிறது. நான் சென்றடைந்த நாள் அந்நாட்டில் ஒரு பொது விடுமுறை. ஆண்டுதோறும் செப்தெம்பர் மாதத்து மூன்றாவது திங்கட்கிழமையை முதியோரைக் கனம்பண்ணும் தினமாக அவர்கள் கொண்டாடுகிறார்கள். முதியோருக்கெனத் தேசிய விடுமுறை ஒன்றை வகுத்த நாடு எத்துணை உயர்ந்தது என நான் வியந்தேன். நிலையத்துக்கு வந்து என்னை எதிர்கொண்ட மருமகள் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னாள்.

நூறு வயதை எட்டுவோர்க்குப் பிரதம மந்திரியின் பெயரால் வாழ்த்துப் பத்திரத்துடன் ஒரு வெள்ளிக் கிண்ணம் பரிசளிக்கும் வழக்கம் 1963ஆம் ஆண்டில் அங்கே தொடங்கியது. அவ்வாண்டில் நாடு முழுவதிலும் நூறு வயது கடந்தவர்கள் 153 பேரே இருந்தார்கள். 153 பேருக்குக் கிண்ணம் கொடுப்பது ஓர் அரசாங்கத்துக்குப் பெரிய காரியமன்று. ஆனால் ஆயுள் நீண்டுகொண்டே போயிற்று. நான் சென்ற 2025ஆம் ஆண்டில் நூறு கடந்தோர் தொகை 99,763. அவர்களுள் நூற்றுக்கு 88 பேர் பெண்கள். கிண்ணச் செலவு தாங்காமல், 2016ஆம் ஆண்டு முதல் தனி வெள்ளியை விடுத்து வெள்ளி முலாம் பூசிய கிண்ணத்தையே கொடுக்கிறார்களாம்.

"மரியாதை குறையவில்லை மாமா, வெள்ளிதான் குறைந்தது" என்றாள் அவள். நானும் சிரித்தேன். ஆயினும் அந்தச் சிரிப்பினுள்ளே ஒரு பெரிய கணக்கு அடங்கியிருப்பதை அடுத்து வந்த நாட்களிற் கண்டுகொண்டேன். முதியோரிடத்து அன்பு வேண்டும் என்பதில் உலகத்தில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த அன்புக்கு ஆகும் செலவை யார் கொடுப்பது என்பதே வினா.

காலையில் வரும் சிறு வண்டி

மருமகள் பணிபுரியும் இல்லம் நகரத்தின் ஓரத்தே, அப்பிள் தோட்டங்களுக்கு நடுவே அமைந்தது. நிரந்தரமாகத் தங்கியிருப்போர் மேல்மாடியில். பகலில் மட்டும் வந்து போவோர் கீழ்த்தளத்தில். காலை ஒன்பது மணிக்குச் சிறிய வண்டிகள் ஊருக்குள்ளே சென்று, வீடுதோறும் வாசலில் நின்று, முதியவர்களைச் சக்கர நாற்காலியோடு ஏற்றி வருகின்றன. நம்மூரில் பாலர் வகுப்புப் பிள்ளைகளை வாகனம் வந்து ஏற்றிச் செல்வதை நினைத்துக்கொண்டேன். வந்தவர்களுக்கு நாடி பார்த்து, வெந்நீரில் நீராட்டி, உணவு கொடுத்து, உடற்பயிற்சி செய்வித்து, மாலை நான்கு மணியளவில் மீண்டும் வீட்டிற் சேர்க்கிறார்கள். அந்தப் பகற்பொழுதில் வீட்டிலுள்ள மகளோ மருமகளோ தன் தொழிலுக்குச் சென்று வரலாம்.

நீராட்டுதல் அங்கே ஒரு பெருங் கலை. எழுந்து நிற்க முடியாத மூதாட்டியை நாற்காலியோடு தொட்டியில் இறக்கும் பொறி இருக்கிறது. ஆனாற் பொறி எல்லாவற்றையும் செய்துவிடாது. ஒவ்வொரு செயலையும் செய்யுமுன், "இப்பொழுது தோளில் நீர் ஊற்றப்போகிறேன்" என மரியாதைச் சொற்களால் அறிவித்தே என் மருமகள் செய்தாள். தொண்ணூறு கடந்த அந்தப் பெண்மணி அவள் கையைப் பற்றியபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வீட்டிலே தேநீர்க் கோப்பையைக் கழுவிவைக்கவும் பஞ்சிப்பட்ட சிறுமியா இவள் என மலைத்து நின்றேன்.

நண்பகல் ஓய்வு வேளையில் இல்லத்து ஆலோசகர் ஒருவருடன் உரையாடினேன். அவர் சொன்னதை மருமகள் தமிழிற் சொன்னாள்.

யப்பானிலும் முதியோரைப் பேணும் கடன் தொன்றுதொட்டு மூத்த மகனுக்கே உரியது. அதாவது, மூத்த மகனின் மனைவிக்கு உரியது. 1973ஆம் ஆண்டில் அரசாங்கம் எழுபது வயது கடந்தோர்க்கு வைத்தியச் செலவை முற்றாக இலவசமாக்கிற்று. விளைவு என்ன? வீட்டிற் பார்க்க ஆளில்லாத முதியோர் நோய் தீர்ந்த பின்னரும் வைத்தியசாலைக் கட்டில்களிலேயே மாதக்கணக்காகக் கிடந்தனர். அவர்களுக்கு வேண்டியது வைத்தியம் அன்று. ஊட்டவும் கழுவவும் எழுப்பி இருத்தவும் ஓர் ஆள். அதற்கு வேறு வழியில்லாதபடியால் வைத்தியசாலை வீடாயிற்று. செலவு தாங்காது போகவே, பத்தாண்டில் அந்த முழு இலவசம் முடிவுற்றது.

அதன் பின்னர் நெடுங்காலம் விவாதித்து, 1997ஆம் ஆண்டிற் சட்டமாக்கி, 2000ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் முதல் பராமரிப்புக் காப்புறுதி என்ற ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதை அடைந்த ஒவ்வொருவரும் அதற்குக் கட்டாயமாகச் சந்தா செலுத்தவேண்டும். திரளும் நிதியிற் பாதி இந்தச் சந்தாப் பணம். மற்றப் பாதி மத்திய அரசும் மாகாணமும் நகரசபையும் வரிப்பணத்திலிருந்து இடுவது. அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஒருவர் தளர்ச்சியுற்றால், நகரசபை ஆளனுப்பிச் சோதித்து, ஏழு படிகளுள் எந்தப் படியிலான உதவி அவருக்கு வேண்டுமெனத் தீர்மானிக்கும். பெற்ற சேவையின் பெறுமதியிற் பத்தில் ஒரு பங்கை அவர் கொடுப்பார். வருமானம் மிக்கவராயின் இரண்டு அல்லது மூன்று பங்கு. எஞ்சியதைக் காப்புறுதி கொடுக்கும்.

"காசாகக் கொடுப்பதில்லையா?" என்று கேட்டேன். எனக்கு எங்கள் வீட்டு நினைவு. 1995ஆம் ஆண்டில் இத்தகைய காப்புறுதியைத் தொடங்கிய யேர்மனியில், வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பத்தவர் பணமாகவும் பெறலாம். யப்பானிலும் அவ்வாறு செய்யலாம் என ஒரு சாரார் வாதிட்டனராம். அதனை எதிர்த்து முன்னின்றவர்கள் பெண்கள் அமைப்பினரே. காசைக் கொடுத்தால் அது வீட்டுத் தலைவனின் கைக்குப் போகும்; வேலை மருமகளின் முதுகிலேயே கிடக்கும்; ஆதலால் எங்களுக்குப் பணம் வேண்டா, ஆளும் வண்டியும் வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களின் வாதமே வென்றது.

இதை மொழிபெயர்க்கையில் என் மருமகள் சற்றுத் தயங்கினாள். எங்கள் மொழியில் மகனின் மனைவியும் மருமகள். ஓர் ஆணுக்கு அவன் உடன்பிறந்தாளின் மகளும் மருமகள். முதியோரைச் சுமக்கும் முதுகு எந்த நாட்டிலும் யாருடையது என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது.

ஒபசுத்தே நிலையம்

அவளுக்கு விடுமுறை கிடைத்த நாளில், "மாமா, இந்த ஊர்க்காரர் எல்லாரும் சொல்லும் ஒரு மலை இருக்கிறது, பார்ப்போம்" என்று அழைத்துச் சென்றாள். நகானோவிலிருந்து சாதாரணப் புகையிரதத்தில் அரை மணி நேரத்துப் பிரயாணம். மலைச்சரிவு செங்குத்தானபடியால் அந்த ஏற்றத்திலே வண்டி நின்று புறப்படுதல் கடினம். முன்னே சென்று நின்று, பின்னோக்கி நகர்ந்து, மீண்டும் முன்செல்வதாகத் தண்டவாளத்தை அமைத்திருக்கிறார்கள். வயோதிபர் ஒருவர் மூச்சு வாங்கி நின்று படியேறுவது போன்றிருந்தது அதன் நடை.

நிலையத்திலே உத்தியோகத்தர் எவரும் இல்லை. பழைய மரக் கட்டடம் ஒன்றுண்டு. மேடையிலுள்ள வாங்குகள் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி, பள்ளத்தாக்கை நோக்கியவாறு போடப்பட்டிருக்கின்றன. கீழே சிக்குமா ஆறு வெள்ளிச் சரிகையாக வளைந்து கிடந்தது. மலையடிவாரத்திலிருந்து நிலையம் வரையில், படிப்படியாக ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு சிறு வயல்கள். ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு முற்றம் அளவுதான். கதிர்கள் முற்றி மஞ்சள் பூத்திருந்தன. நாற்று நடும் காலத்தில் நீர் நிறைந்த ஒவ்வொரு வயலிலும் ஒவ்வொரு நிலவு தெரியும் என்று அந்நாட்டுக் கவிஞர்கள் நூற்றாண்டுக் கணக்காகப் பாடியிருக்கிறார்கள். பாஷோ என்னும் பெருங் கவிஞர் 1688ஆம் ஆண்டில் இந்த நிலவைக் காணவென்றே நடந்து வந்தாராம். நாங்கள் சென்ற நாளில் மாலை நிலவு இல்லை. வயல் வரம்பிற் புல் செருக்கிக்கொண்டிருந்த நால்வர் இருந்தனர். நால்வரும் எழுபது வயதுக்குக் குறையாதவர்கள். இளையோர் நகரங்களுக்குப் போய்விட்டனர். வயல்களைத் தரிசாக விடாதிருக்க, பட்டினத்தார் பணம் கட்டி ஒரு வயலைத் தம் பெயரிற் பேணும் முறையொன்றை ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

இனி அந்தக் கதை. முன்னொரு காலத்தில், வயது முதிர்ந்தோர் சோற்றுக்குப் பாரமென்று எண்ணிய சிற்றரசன் ஒருவன், குறித்த வயதைக் கடந்தவர்களை மலையிற் கொண்டுபோய் விட்டுவிடவேண்டும் என்று கட்டளையிட்டான். ஓர் ஏழை உழவன் தன் தாயை முதுகிற் சுமந்துகொண்டு மலையேறினான். வழிநெடுக அவள் மரக்கிளைகளை ஒடித்துப் போட்டுக்கொண்டே வந்தாள். தான் மீண்டு வருவதற்காக அடையாளம் வைக்கிறாளோ என்று மகன் ஐயுற்றுக் கேட்டான். "இருட்டிவிடும் மகனே, நீ திரும்பிப் போகும்போது வழி தவறிவிடாதிருக்க" என்றாள் தாய். அவன் அவளை விடாது திரும்பச் சுமந்து வந்து வீட்டு நிலத்தின்கீழ் ஒளித்துவைத்தான். அயல் நாட்டரசன் ஒருவன், சாம்பலால் ஒரு கயிறு திரித்துத் தராவிடிற் படையெடுப்பேன் என அச்சுறுத்தியபோது, கயிற்றை உப்புநீரில் ஊறவைத்து உலர்த்திப் பின் எரித்தால் அது உருக்குலையாது சாம்பலாகும் என்ற உபாயத்தைச் சொன்னவள் அந்தத் தாயே. அரசன் வெட்கித் தன் கட்டளையை நீக்கினான்.

உண்மையில் இப்படியொரு வழக்கம் இருந்தமைக்கு ஆதாரமில்லை என்பர் அறிஞர்; மலையின் பெயரே பழைய குலப்பெயர் ஒன்றின் திரிபு என்பாரும் உளர். ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டு மக்கள் இக்கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். ஏன்? அந்த உழவன் தாயிடம் அன்பில்லாதவன் அல்லன். அவனிடம் இருந்தது ஒரு முதுகு. வீட்டில் இருந்தது அளந்த அரிசி. அன்பிருந்தும் கைவிட நேரும் என்ற அச்சமே அக்கதையை வாழவைத்திருக்கிறது.

எழுபத்து நான்கு கேள்விகள்

வாங்கில் அமர்ந்து, அவள் கட்டிவந்த சோற்றுருண்டைகளை உண்டோம். அவள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். ஐந்தாண்டின் பின்னரும் அங்கே தொழில் பார்ப்பதாயின், பராமரிப்புத் தொழிலுக்கான தேசியப் பரீட்சையில் யப்பானிய மொழியிலேயே சித்தியடையவேண்டும். அதற்காகப் படித்துக்கொண்டிருந்தாள். தளர்ச்சியுற்ற ஒருவரைச் சோதிக்க நகரசபையிலிருந்து வருபவர் 74 விடயங்களைப் பார்க்கவேண்டுமாம்.

"சும்மா விளையாட்டுக்கு மாமா, அம்மம்மாவை நினைத்துக்கொண்டு நீங்கள் பதில் சொல்லுங்கோ" என்றாள்.

என் தாயாருக்கு இப்பொழுது 87 வயது. யாழ்ப்பாணத்தில், தங்கையின் வீட்டில் இருக்கிறார். கொழும்பில் என் மகனோடு வசிக்கும் நான் மாதந்தோறும் ஒரு தொகை அனுப்புகிறேன். கனடாவிலுள்ள தம்பியும் அனுப்புகிறான். "அம்மாவை நாங்கள் ஓர் இல்லத்திலும் விடவில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறோம்" என்று எத்தனையோ சபைகளில் நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆதலின் தயக்கமின்றி, "கேள் பிள்ளை" என்றேன்.

"படுக்கையிற் புரண்டு படுக்க அவவால் இயலுமோ?"

"இயலும் என்று நினைக்கிறேன்."

"பிடிக்காமல் எழுந்திருக்க?"

"...கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழும்புவா போலும்."

"மருந்தைத் தானாக எடுத்துப் போட? காசைக் கணக்குப் பார்க்க? இப்ப என்ன பருவகாலம் என்று சொல்ல?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

"நகம் வெட்ட?"

என் தாயாரின் நகத்தை யார் வெட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அறுபத்தாறு வயதுவரை அப்படியொரு கேள்வி என் மனத்தில் எழுந்ததேயில்லை.

அவள் புத்தகத்தைப் பாராமலே சொல்லத் தொடங்கினாள். "அம்மம்மாவால் இடப்பக்கம் புரள ஏலாது, மாமா. இராத்திரியில் மூன்றுதரம் எழும்புவா. மூன்றுதரமும் அம்மா எழும்புவா. மாத்திரையைக் கையில் கொடுத்தால் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவா. வெள்ளிக்கிழமைகளில் முழுகவார்த்த பிறகு அம்மாதான் நகம் வெட்டிவிடுவா." ஒன்பதாயிரம் ரூபாவுக்கு வாங்கிய சக்கர நாற்காலியின் ஒரு சில்லு ஆடுவது வரை அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தது நான் அனுப்பும் தொகை ஒன்றே.

பிறகு மெல்லச் சொன்னாள்: "இங்கே ஓர் ஆச்சியைப் பார்க்க நாங்கள் மூன்று நேரமும் ஆள்மாறி ஆள் நிற்கிறோம். அங்கே அம்மா ஒராள்."

எழுதப்படாத கணக்கு

திரும்பும் வண்டியில் நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவன், என் வீட்டுக் கணக்கைப் போடாமல் இருந்துவிட்டேன்.

தந்தையார் தபாற் கந்தோரிற் கடமையாற்றியவர்; அவர் காலமான பின் தாயாருக்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் வருகிறது. அது போதாதபோது வங்கியில் இருந்த வைப்புப்பணத்தின் வட்டி உதவிற்று. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் இரண்டும் உருகிப்போயின. அவ்வாண்டு புரட்டாதியில் கொழும்பில் விலைவாசி முந்தைய ஆண்டினும் ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. ஓய்வூதியத்தின் இலக்கம் மாறாதிருக்க, மருந்தின் இலக்கம் மாறிக்கொண்டே போயிற்று.

ஆனால் பெரிய இழப்பு அதுவன்று. தங்கை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராக இருந்தாள். 2021ஆம் ஆண்டிற் தாயார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, ஐம்பத்தோராம் வயதில் அந்த வேலையை விட்டாள். நாங்கள் எல்லோரும் அதனை இயல்பென்றே எண்ணினோம். சம்பளம் நின்றது. அதனுடன், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் கட்டிவந்த எட்டு வீதமும், சங்கம் இட்டுவந்த பன்னிரண்டு வீதமும் நின்றன. அறுபது வயது வரை ஒன்பது ஆண்டுகள் சேரவேண்டிய பணம். இன்று தாயாரைப் பார்க்கும் செலவை, நாளை தான் முதியவளாகும்போது பட்டினியிருந்து அவள் செலுத்தப்போகிறாள். அதை அறிந்தே அவள் மகள் கடல் கடந்து, அயலார் பாட்டியை நீராட்டி, தன் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள். விதவையான தாயையும் பாட்டியையும் ஒருசேரத் தாங்குவது அந்த இளம்பிள்ளையின் சம்பளம்.

யப்பான் இதையெல்லாம் தீர்த்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. அங்கும் பெற்றோரைப் பார்ப்பதற்காக ஆண்டுதோறும் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் வேலையை விடுகிறார்கள். அறுபத்தைந்து கடந்தோர் செலுத்தும் மாதச் சந்தா, தொடக்கத்தில் சராசரி 2,911 யென்னாக இருந்தது. 2024ஆம் ஆண்டு முதல் 6,225 யென். கடுந்தளர்ச்சியுற்றோர்க்கான இல்லங்களில் இடத்துக்காக 2022ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சம் பேர் காத்திருந்தனர். பணத்தைச் சேர்த்துவிட்டார்கள், கைகளைச் சேர்க்க முடியவில்லை. பராமரிப்பாளரின் சம்பளம் மற்றைத் தொழில்களிலும் குறைவானபடியால் இளையோர் வருவதில்லை. 2040ஆம் ஆண்டளவில் இன்னும் ஐந்து இலட்சத்து எழுபதினாயிரம் பேர் தேவைப்படுவர் என்று அரசாங்கமே கணித்திருக்கிறது. அக்கைகளுள் இரண்டு எங்கள் வீட்டிலிருந்து போயிருக்கின்றன.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். அவர்களின் காப்புறுதி தொடங்கிய அதே 2000ஆம் ஆண்டில் நம் பாராளுமன்றமும் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 9ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றிற்று. பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணிக்கலாகாது. தம்மைத் தாமே பேணமுடியாத முதியவர் பராமரிப்புச் சபையிடம் முறையிட்டுப் பிள்ளைகளிடம் செலவைப் பெறலாம் என்று அது கூறுகிறது. நல்ல சட்டம்தான், கைவிடும் பிள்ளையை அது தேடிப் பிடிக்கும். ஆனால் கைவிடாத பிள்ளைக்கு, இரவில் மூன்று தரம் எழும்பும் பிள்ளைக்கு, அது ஒன்றும் கொடுப்பதில்லை. ஒரு நாடு கடனைப் பிள்ளைக்கு நினைவூட்டிற்று. மற்றது கடனை எல்லோர்க்கும் பங்கிட்டது. நமக்கும் காலம் அதிகம் இல்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நம் நாட்டில் அறுபத்தைந்து கடந்தோர் நூற்றுக்கு எட்டுப் பேரளவில் இருந்தனர். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது நூற்றுக்குப் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

ஒரு கொப்பி

நாடு திரும்பியதும் நேரே யாழ்ப்பாணம் சென்றேன். தங்கையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு அம்மாவுக்குச் செய்வதையெல்லாம் நேரத்தோடு எழுதச் சொன்னேன். "பெத்த தாய்க்குச் செய்யிறதுக்குக் கணக்கோ, அண்ணை?" என்று முகம் சிவந்தாள். அவளை நோகச் செய்துவிட்டேனோ என்று நானும் வருந்தினேன். "உனக்காக அல்ல, எங்களுக்காக எழுது. எங்களுக்குத் தெரியாது" என்றேன். சற்றுநேரம் பேசாதிருந்து, பிறகு வாங்கிக்கொண்டாள்.

ஏழு நாட்களில் கொப்பியில் நிறைந்தது அறுபத்தெட்டு மணித்தியால வேலை. இரவில் எழுந்தவை அதிற் சேரவில்லை. நித்திரைத் தூக்கத்தில் அவற்றை எழுத மறந்துபோனாளாம். அதனைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அன்றிரவு அவன் தொலைபேசியில் அழைத்தபோது நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்பொழுது ஊர்ப் பெண்மணி ஒருவர் காலையில் ஐந்து மணித்தியாலம் வந்து உதவுகிறார். அவருக்கு நாங்கள் இருவரும் பேசிய சம்பளத்தைத் தவணை தவறாது கொடுக்கிறோம். தங்கையின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, நின்றுபோன அந்தச் சேமலாபத்துக்கு ஈடாக மாதந்தோறும் ஒரு தொகை இடுகிறோம். அது தாயாரின் செலவுக்கு அல்ல; அவளுடைய முதுமைக்கு. மாதத்திற் பத்து நாள் நான் அங்கே தங்குகிறேன். இரண்டு ஆண்டாகத் தள்ளிப்போட்டிருந்த கண் சத்திரசிகிச்சையைத் தங்கை தை மாதத்திற் செய்துகொண்டாள்.

அவள் வைத்தியசாலையில் இருந்த வெள்ளிக்கிழமை, தாயாரை முழுகவார்த்து முற்றத்து வெயிலில் இருத்திய பின், அவருடைய கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். நகங்கள் ஓட்டைப்போல் தடித்திருந்தன. மெல்ல மெல்ல வெட்டினேன். மூன்றாவது விரலில் தாயார் கையை இழுத்துக்கொண்டு சொன்னார்: "அவள் வெட்டினால் நோகாது."

உண்மைதான் அம்மா. அவள் நாலரை வருடமாக வெட்டுகிறாள். எனக்கு இன்றுதான் முதல் நாள்.